காரவள்ளியில் கழற்றி வையுங்கள்

கொல்லிமலை ஏற வரும் சைக்கிள் குழுக்களுக்கு,



சேலம், ஈரோடு, திருச்சி, கோவை, பெங்களூரு என்று பல ஊர்களிலிருந்தும் எங்கள் மலையைத் தேடி வருகிறீர்கள். சனி, ஞாயிறு விடிகாலையில் காளப்பநாயக்கன்பட்டி தாண்டி, காரவள்ளியில் நின்று, டயரில் காற்றுப் பார்த்து, தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு, எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் மிதித்தே ஏறுகிறீர்கள். ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்தைச் சொந்தக் காலால் கடந்து சோளக்காட்டில் வந்து நிற்கும் உங்களைப் பார்க்க இந்தப் பக்கத்துக்காரர்களுக்குப் பெருமையாக இருக்கிறது. மலைக்குப் புகையோ இரைச்சலோ கொண்டுவராத விருந்தினர் நீங்கள். இதே சாலையில் சைக்கிள் மிதிக்கும் அடிவாரத்துக்காரன் என்ற உரிமையில் உங்களிடம் ஒன்று கேட்கிறேன்.

காரவள்ளியில் இயர்பட்ஸைக் கழற்றிப் பையில் போட்டுவிடுங்கள். மலையேறி, சுற்றிப் பார்த்து, மறுபடி அடிவாரத்துக்கு இறங்கி முடிக்கும்வரை அதை வெளியே எடுக்காதீர்கள்.

உங்களில் பலர், குறிப்பாக இளைஞர்கள், இரண்டு காதிலும் வயர்லெஸ் பட்ஸைச் செருகிக்கொண்டு ஏறுவதைப் பார்க்கிறேன். சிலர் அப்படியே இறங்குவதையும் பார்க்கிறேன். வயர் இருந்த காலத்தில் அது சட்டையில் சிக்கும், ஹேண்டில்பாரில் மாட்டும், பாதி வழியில் அலுத்துப்போய்க் கழற்றிவிடுவோம். இப்போது அந்தத் தொந்தரவு இல்லை. காதில் இருப்பதே மறந்துபோகும் அளவுக்குச் சிறியதாகிவிட்டது. மறந்துபோவதில்தான் ஆபத்து இருக்கிறது. மற்ற சாலைகளில் இது சரியா தவறா என்ற வாதத்துக்கு நான் வரவில்லை. இந்த மலைச் சாலைக்கென்று தனியாகச் சொல்ல வேண்டிய காரணங்கள் இருக்கின்றன.

சமவெளிச் சாலையில் நம் கண் வெகுதூரம் முன்னால் போய்ப் பார்த்துவிடும். இங்கே ஒவ்வொரு வளைவிலும் பாறையும் தடுப்புச் சுவரும் புதரும் பார்வையை மறிக்கின்றன. வளைவுக்கு அந்தப் புறம் இருப்பது கண்ணுக்கு எட்டாது, காதுக்கு எட்டும். அதனால் மலையில் வண்டி ஓட்டுகிறவர்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். வளைவை நெருங்கும்போது ஹாரன் அடிப்பார்கள். அடித்துவிட்டு ஒரு கணம் காது கொடுப்பார்கள். அந்தப் புறத்தில் வண்டி இருந்தால் பதில் ஹாரன் வரும். அப்புறம் யார் நிற்பது, யார் வருவது என்பது தானாகவே முடிவாகிவிடும். பதில் வரவில்லை என்றால் அந்தப் புறம் காலியாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, சாலை முழுவதையும் பயன்படுத்தித் திருப்புவார்கள்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். சைக்கிளில் ஹாரன் இல்லை. உங்களால் பதில் தர முடியாது. பேருந்து ஓட்டுநர் அடிக்கும் ஹாரனுக்கு நீங்கள் தரக்கூடிய ஒரே பதில், அதைக் கேட்டவுடன் ஓரமாக ஒதுங்கி நிற்பது. ஹாரனே காதில் விழவில்லை என்றால் நீங்கள் ஒதுங்க மாட்டீர்கள். உங்கள் மௌனத்தை ஓட்டுநர் காலிச் சாலை என்று படித்துக்கொள்வார். இரண்டு பேரும் தவறு செய்ததாக நினைக்க மாட்டார்கள். இருவருமே ஒரே வளைவில், ஒரே நேரத்தில், ஒரே அகலத்தை எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

பேருந்து ஒரு கொண்டை ஊசி வளைவை எப்படித் திருப்புகிறது என்று சோளக்காட்டுக் கடையில் உட்கார்ந்திருக்கும் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். முதலில் வெளி ஓரத்துக்குப் போகும். பிறகு முகப்பை உள்ளே மடக்கும். முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் வராது. அது வளைவின் உட்புறத்தை நோக்கி வெட்டிக்கொண்டு வரும். வளைவின் உட்புற ஓரம் காலியாகத் தெரிகிறதே என்று அங்கே சைக்கிளை விடுகிறவர், பேருந்தின் பக்கவாட்டுக்கும் பாறைக்கும் நடுவில் சிக்கிக்கொள்வார். ஓட்டுநரின் கண்ணாடியில் அந்த இடம் தெரிவதும் கடினம். இதிலிருந்து தப்பிக்க ஒரே வழி, பேருந்து வளைவுக்கு வருவதற்கு முன்பே அதன் வரவை அறிந்து, அகலமான இடமாகப் பார்த்து நின்றுவிடுவது. அந்த முன்னறிவிப்பைக் காதுதான் தரும்.

எப்படித் தருகிறது என்பதைப் புரிந்துகொண்டால் என் கோரிக்கையின் முழுப் பொருளும் விளங்கும்.

ஒளி வளைவைச் சுற்றி வராது. ஒலி வரும். எல்லா ஒலியும் ஒரே அளவில் வருவதில்லை. அலைநீளம் கூடக் கூட, ஒலி தடைகளைச் சுற்றி வளைந்து வருவது எளிது. நொடிக்கு நூறு அதிர்வுகள் கொண்ட ஒரு தாழ்ந்த உறுமலின் அலைநீளம் ஏறத்தாழ 3.4 மீட்டர். மூவாயிரம் அதிர்வுகள் கொண்ட கீச்சொலியின் அலைநீளம் பதினொரு சென்டிமீட்டர்தான். பாறை முனை கீச்சொலியைப் பெரும்பாலும் தடுத்துவிடும். உறுமல் அதைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்துவிடும். இரண்டாம் கியரில் முக்கிக்கொண்டு ஏறும் டீசல் எஞ்சினின் கனத்த ஓசை நமக்கு அடுத்த வளைவிலிருந்தும், அதற்கு மேல் வளைவிலிருந்தும் முன்கூட்டியே கேட்பது இதனால்தான். இந்த மலையில் நம் உயிரைக் காக்கும் ஒலி தாழ்ந்த, தொடர்ச்சியான ஒலி.

இப்போது இயர்பட்ஸ் என்ன செய்கிறது என்று பாருங்கள். புதிய மாடல்கள் பலவற்றிலும் இரைச்சல் நீக்கும் வசதி இருக்கிறது. வெளிப்புற மைக் சுற்றுப்புற ஒலியைப் பிடிக்கிறது. கருவி அதற்கு நேர் எதிரான அலையை உருவாக்கிக் காதுக்குள் விடுகிறது. இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. விமான எஞ்சின், ரயில் பெட்டியின் ஓசை, ஏசியின் இரைச்சல் போன்ற தாழ்ந்த, தொடர்ச்சியான ஒலிகளை நீக்குவதில்தான் இந்த நுட்பம் திறமையானது. அதாவது, வளைவைச் சுற்றி நம்மைத் தேடி வரும் அதே ஒலியைத்தான் அது முதலில் அழிக்கிறது. மிச்சமிருக்கும் உயர்ந்த ஒலிகளைக் காதை அடைக்கும் ரப்பர் நுனி மட்டுப்படுத்துகிறது. ரயில் பயணத்தில் நிம்மதி தரும் அருமையான கருவி, இந்தச் சாலையில் மிகச் சரியாக வேண்டாத இடத்தில் வேலை செய்கிறது.

ஒலி கேட்டால் மட்டும் போதாது, எந்தத் திசையிலிருந்து வருகிறது என்றும் தெரிய வேண்டும். இடப்பக்கத்திலிருந்து வரும் ஒலி வலக்காதைச் சற்றுத் தாமதமாகவே சென்றடையும். அதிகபட்சத் தாமதமே ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அவ்வளவு நுண்ணிய இடைவெளியையும், இரு காதுகளிலும் விழும் ஒலியின் அளவு வேறுபாட்டையும் கணக்கிட்டு மூளை திசையைச் சொல்கிறது. முன்னாலா பின்னாலா, மேலேயா கீழேயா என்பதைச் சொல்ல உதவுவது காது மடலின் மடிப்புகள். மலைச் சாலையில் இந்த மேல் கீழ் வேறுபாடு உயிருக்குச் சமம். நமக்கு நேர் மேலே உள்ள சாலையில் ஒரு லாரி இறங்கிக்கொண்டிருக்கும். நேர் கீழே இன்னொன்று ஏறிக்கொண்டிருக்கும். எது நம்மிடம் முதலில் வரும் என்பதைத் திறந்த காது சொல்லிவிடும். செருகிய கருவி மடலின் வேலையை நிறுத்திவிடுகிறது.

"ஒரு காதில்தானே மாட்டியிருக்கிறேன்" என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். இரண்டைவிட ஒன்று மேல் என்பது உண்மை. நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், சைக்கிள் ஓட்டும்போது இசை கேட்பது வெளி ஒலிகளைக் கேட்கும் திறனைக் குறைக்கிறது என்றும், காதுக்குள் செருகும் வகையே அதிகம் கெடுக்கிறது என்றும் கண்டார்கள். ஆனால் அவர்கள் சோதித்தது சமதளமான, சைக்கிளுக்கென்றே பாதை ஒதுக்கிய நாட்டில். இங்கே ஒரு காதை மூடினால் இரு காது ஒப்பீடு போய்விடும். ஒலி கேட்கும், திசை தெரியாது. பின்னால் வருகிறதென்று நினைத்து முன்னால் வருவதன் பாதையில் நுழைய அது போதும்.

"வெளிச் சத்தத்தை உள்ளே விடும் வசதி இருக்கிறதே", "எலும்பு வழியாகக் கேட்கும் வகையில் காது திறந்தே இருக்கிறதே" என்றும் கேட்கிறீர்கள். முதல் வகை மைக்கை நம்பி இருக்கிறது. இறக்கத்தில் வேகம் கூடும்போது காற்று மைக்கில் மோதி இரைச்சலாகிவிடும். இரண்டாவது வகையில் காது திறந்திருக்கிறது, கவனம் திறந்திருக்கிறதா? பாட்டிலோ, பாட்காஸ்டிலோ, வீட்டிலிருந்து வந்த போனிலோ மனம் ஈடுபட்டிருக்கும்போது, காதில் விழுந்த ஹாரன் மனத்துக்குப் போய்ச்சேர ஒரு நொடி, இரண்டு நொடி பிந்தும். மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும் சைக்கிள் இரண்டு நொடியில் பதினாறு மீட்டருக்கு மேல் போய்விடும். இங்கே பல வளைவுகளில் நம் கண்ணுக்குத் தெரியும் தூரமே அதற்கு மேல் அதிகமில்லை.

இறக்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஏற்றத்தில் வேகம் குறைவு, தவறு நேர்ந்தாலும் காலை ஊன்றி நிற்கலாம். இறக்கத்தில் அந்த வாய்ப்பு இல்லை. நம் நாட்டுச் சாலை விதிகளில் மலைச் சாலைக்கென்று ஒன்று உண்டு. வண்டிகள் தாராளமாக விலகிச் செல்ல அகலம் போதாத இடத்தில், இறங்கி வருகிறவர் ஓரமாக நிறுத்தி, ஏறி வருகிறவருக்கு வழிவிட வேண்டும். 1989ஆம் ஆண்டு விதிமுறைகளிலேயே இது இருந்தது. மோட்டார் வண்டிகளுக்காக எழுதப்பட்டது என்றாலும், அதன் நியாயம் சைக்கிளுக்கும் பொருந்தும். சுமையோடு ஏறும் வண்டி நடுவளைவில் நின்றுவிட்டால் மறுபடி எடுப்பது கடினம். பின்னோக்கி உருளும் அபாயமும் உண்டு. ஏறுகிறவருக்கு வழிவிட வேண்டுமானால் அவர் வருவது நமக்குத் தெரிய வேண்டும். வளைவுக்கு இந்தப் புறமிருந்தே தெரிய வேண்டும். காதை அடைத்துக்கொண்டு இறங்குகிறவர் விரும்பினாலும் இந்த விதியைக் கடைப்பிடிக்க முடியாது.

எதிரே வருவது எல்லாமே சத்தத்தோடு வரும் என்றும் எண்ண வேண்டாம். பெட்ரோல் மிச்சம் பிடிப்பதாக நினைத்து எஞ்சினை அணைத்துவிட்டு உருண்டு வரும் இரு சக்கர வண்டிகள் மலைச் சாலைகளில் சாதாரணம். மின்சார ஸ்கூட்டர்களும் கார்களும் பெருகிவருகின்றன. அவற்றின் வரவைச் சொல்வது டயர் தேயும் மெல்லிய ஓசை மட்டும்தான். திறந்த காதுக்கே அது சிரமப்பட்டுத்தான் கேட்கிறது.

உங்கள் சைக்கிளே உங்களிடம் பேசிக்கொண்டு வருகிறது. நீண்ட இறக்கத்தில் பிரேக் கட்டை தேய்ந்து இரும்பு உரசத் தொடங்கினால் ஒலிதான் முதலில் சொல்லும். டிஸ்க் சூடேறி உராயும் ஓசை, ரிம்மில் சிக்கிய சிறுகல்லின் கீறல், ஸ்போக் ஒன்று தளர்ந்தால் எழும் டிக் டிக், டயரிலிருந்து காற்றுக் கசியும் சீறல், செயின் அடுத்த பல்லில் ஏற முயலும் கரகரப்பு என்று எல்லாம் கண்ணுக்குத் தெரியும் முன்பு காதுக்குத் தெரிபவை. எழுபது வளைவு இறங்கும்போது பிரேக்கின் நிலையை அறியாமல் இருப்பதைவிடப் பெரிய ஆபத்து வேறு இருக்க முடியாது.

செவியின் நலத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். வேகமாக இறங்கும்போது காற்றின் இரைச்சலுக்கு மேல் பாட்டுக் கேட்க ஒலியளவை ஏற்றுவோம். 80 டெசிபெல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 90 டெசிபெல் என்றால் அந்த வரம்பு வாரத்துக்கு 4 மணி நேரம்தான். ஒரு நாள் மலைச் சவாரியே அந்த வாரக் கணக்கை முடித்துவிடலாம்.

இதுவரை உங்கள் உயிரைப் பற்றியே பேசினேன். இந்தச் சாலையில் இன்னும் பலர் இருக்கிறார்கள்.

கொல்லிமலை ஒரு சுற்றுலா இடம் என்பது உங்களுக்குத் தெரிந்த பாதி. வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, சேலூர் நாடு, குண்டூர் நாடு என்று நாடுகளாகப் பிரிந்து தலைமுறை தலைமுறையாக மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் மண் இது. மிளகும் காபியும் பலாவும் அன்னாசியும் வாழையும் இந்தச் சாலை வழியாகத்தான் கீழே இறங்குகின்றன. மருத்துவமனைக்குப் போகும் கர்ப்பிணியும், கல்லூரிக்குப் போகும் பிள்ளையும் இதே வழியில்தான் போக வேண்டும். மேலே ஏறிய பிறகு செம்மேட்டிலிருந்து அறப்பளீஸ்வரர் கோவிலுக்குப் போகும் சாலையில் பள்ளிப் பிள்ளைகள் நடந்து போவார்கள், விறகுச் சுமையோடு பெண்கள் வருவார்கள், ஆடு மாடு ஓட்டிக்கொண்டு பெரியவர்கள் குறுக்கே கடப்பார்கள். "தம்பி, ஓரமா வாப்பா!" என்று அவர்கள் குரல் கொடுப்பார்கள். மாட்டைத் திருப்பிக்கொள்ளும் வரை உங்களைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்வார்கள். அந்தக் குரலுக்கு முகம் திருப்பாமல் ஒரு சைக்கிள் கடந்து போவது மரியாதைக் குறைவாகத்தான் அவர்களுக்குத் தெரியும்.

ஆடிப்பெருக்கையும் வல்வில் ஓரி விழாவையும் ஒட்டி ஆகஸ்ட் தொடக்கத்தில் இந்த மலைக்குக் கூட்டம் பெருகும். அந்த நாட்களில் வேனும் பேருந்தும் பைக்கும் வளைவுக்கு வளைவு வரிசையாக நிற்கும். சாலையில் நிற்பவர்கள் கை காட்டியும் குரல் கொடுத்தும் விசில் அடித்தும்தான் நெரிசலைச் சரிசெய்கிறார்கள். ஒருவர் காது கேளாமல் புகுந்துவிட்டால், அவருக்காக ஒரு பேருந்து நிறைய ஆட்களோடு வளைவில் திடீரென்று பிரேக் அடிக்க வேண்டியிருக்கும். விபத்தில் சிக்குவது சைக்கிள்காரராகவே இருக்கும் என்றும் இல்லை. அவரைத் தவிர்க்கப் போய்த் தடுப்புச் சுவரை இடிப்பவர் வேறொருவராக இருக்கலாம்.

காதில் கருவி இருப்பது மற்றவர் உயிரையும் கேட்கும் என்பதற்கு நம் நாட்டில் கொடிய உதாரணம் இருக்கிறது. உத்தரப் பிரதேசத்தின் குஷிநகர் மாவட்டத்தில் 2018 ஏப்ரல் 26 அன்று ஆளில்லா ரயில்வே கேட்டைக் கடந்த பள்ளி வேன் மீது ரயில் மோதி 13 குழந்தைகள் இறந்தார்கள். ஓட்டுநர் இயர்போன் மாட்டியிருந்ததாக முதற்கட்ட விசாரணையில் சொல்லப்பட்டது. அமெரிக்காவில் 2004 முதல் 2011 வரை, ஹெட்போன் அணிந்த பாதசாரிகள் அடிபட்ட 116 நிகழ்வுகளைத் தொகுத்த ஆய்வு ஒன்று உண்டு. அவற்றில் பாதிக்கு மேல் ரயில் மோதியவை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நிகழ்வுகளில் மோதுவதற்கு முன்பு ஹாரன் அடிக்கப்பட்டிருந்தது. அடித்தவர் தன் கடமையைச் செய்திருந்தார். கேட்க வேண்டியவரின் காது மூடியிருந்தது.

உங்கள் பக்கத்து நியாயங்களையும் நான் அறிவேன். எல்லாவற்றையும் தள்ளிவிட முடியாது.

பாட்டு இருந்தால் ஏற்றம் எளிதாகிறது என்கிறீர்கள். உண்மைதான். லண்டன் புரூனல் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் கோஸ்டாஸ் காராஜியோர்கிஸ் பல ஆண்டுகள் இதை ஆராய்ந்திருக்கிறார். இசை உடல் உழைப்பின் களைப்பை மனத்துக்குக் குறைத்துக் காட்டுகிறது. மூச்சு முட்டும் அளவுக்கு உழைப்பு கூடிவிட்டால் அந்தப் பயன் குறைந்துபோகும் என்பதும் இத்துறை ஆய்வுகளில் வெளிப்பட்ட ஒன்று. வீட்டில் டிரெய்னரில் சைக்கிளை மாட்டி மிதிக்கும்போது ஆசை தீரப் பாட்டுக் கேளுங்கள். களைப்பை மறைத்துக் காட்டும் ஒன்று மலைச் சாலையில் நமக்கு நண்பன் ஆகாது. களைத்துவிட்டோம் என்று உடல் சொன்னால் இங்கே நின்றுவிட வேண்டும்.

சர்வதேசப் பந்தய வீரர்கள் காதில் மாட்டியிருக்கிறார்களே என்கிறீர்கள். 1990களிலிருந்து பரவிய அந்தப் பழக்கம், அணியின் காரிலிருந்து வழிமுறை சொல்வதற்காக ஏற்பட்டது. அவர்கள் ஓட்டும் சாலையில் அன்றைக்குப் பொதுப் போக்குவரத்தே கிடையாது. எதிரே பேருந்து வராது என்று உறுதி செய்யப்பட்ட சாலை அது. ட்ரையத்லான் போட்டி விதிகளோ ஹெட்போனை அடியோடு தடுக்கின்றன.

கார்க்காரர்கள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உரக்கப் பாட்டுப் போடவில்லையா என்றும் கேட்கலாம். அதுவும் தவறுதான். அவர்களுக்கும் இதே கோரிக்கையை வைக்கிறேன். ஆனாலும் அவர்களைச் சுற்றி இரும்புக் கூடு இருக்கிறது, பின்னால் பார்க்கக் கண்ணாடி இருக்கிறது, கையருகே ஹாரன் இருக்கிறது. நம்மிடம் இருப்பது ஒரு ஹெல்மெட்டும் இரண்டு காதுகளும்தான்.

காது கேளாதவர்கள் வண்டி ஓட்டுகிறார்களே என்பது நியாயமான கேள்வி. அவர்களும் ஓட்டுநர் உரிமம் கோரலாம் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2011இல் சொன்னது. அதை மனமார வரவேற்கிறேன். காது தராததை அவர்கள் கண்ணால் ஈடு செய்யப் பழகியவர்கள். கண்ணாடியை அடிக்கடி பார்ப்பது, வேகத்தைக் கட்டுக்குள் வைப்பது, ஓர நிழலின் அசைவையும் கவனிப்பது எல்லாம் ஆண்டுக்கணக்கில் சேர்த்த திறமை. பாட்டுக்காகச் செவியை இரண்டு மணி நேரம் மூடிக்கொள்ளும் நமக்கு அந்தப் பயிற்சி கிடையாது.

சட்டம் என்ன சொல்கிறது என்று சிலர் கேட்பார்கள். பிரான்ஸ் 2015 ஜூலை 1 முதல் கார் ஓட்டுநர்களுக்கும் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கும் காதில் செருகும் கருவிகளைத் தடை செய்து 135 யூரோ அபராதம் விதித்தது. ஸ்பெயினிலும் தடை உண்டு. ஜப்பானில் பல மாகாணங்களின் விதிகள் இதைத் தடுக்கின்றன. நெதர்லாந்து அனுமதிக்கிறது, அங்கே சைக்கிளுக்குத் தனிப் பாதை இருக்கிறது. நம் மோட்டார் வாகனச் சட்டம் 1988ஆம் ஆண்டினது. 2019 திருத்தம், கையில் பிடிக்கும் தொடர்புக் கருவியைப் பயன்படுத்தி வண்டி ஓட்டுவதற்குக் கடும் அபராதம் வைத்தது. சைக்கிள் மோட்டார் வாகனம் இல்லை என்பதால் அந்தச் சட்டம் உங்களைத் தொடாது. காரவள்ளியில் யாரும் உங்களை நிறுத்திக் காதைப் பார்க்கப் போவதில்லை. 2022இல் மட்டும் தமிழ்நாட்டுச் சாலை விபத்துகளில் 17,884 பேர் இறந்தார்கள். அபராதம் வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று காத்திருக்கும் நிலையில் நாம் இல்லை. நமக்கு நாமே விதி செய்துகொள்வதுதான் வழி.

அந்த விதி எப்படி இருக்கலாம் என்று சொல்கிறேன். கூட்டிக் குறைத்து உங்கள் குழுவுக்கு ஏற்றபடி வைத்துக்கொள்ளுங்கள்.

புறப்படும் முன்பு குழுத் தலைவர் ஹெல்மெட், விளக்கு, பிரேக் பார்ப்பதோடு காதையும் பார்க்கட்டும். வழி சொல்லும் குரலுக்காகப் பட்ஸ் வேண்டும் என்பவருக்கு, காரவள்ளியிலிருந்து சோளக்காடு வரை வளைவு எண் பலகைகளே வழி சொல்லும் என்று எடுத்துச் சொல்லுங்கள். போன் வந்தால் பேச வேண்டியதுதான். வளைவில் நிற்காமல், இரு பக்கமும் பார்வை தெரியும் நேரான பகுதியில், சாலையை விட்டு இறங்கி நின்று பேசுங்கள். குழுவுக்குள் குரல் வழக்கம் ஒன்றை ஏற்படுத்திக்கொள்ளுங்கள். கடைசியில் வருகிறவர் "பின்னால் பஸ்!" என்றால் வரிசையில் ஒவ்வொருவரும் அதை முன்னே கடத்த வேண்டும். முன்னால் போகிறவர் "எதிரே வண்டி!" என்றால் பின்னால் கடத்த வேண்டும். ஒருவர் காது மூடியிருந்தாலும் அந்தச் சங்கிலி அறுந்துவிடும். சைக்கிளில் மணி பொருத்துங்கள்; எடை கூடுகிறது என்று அதைக் கழற்றி எறிந்தவர்கள் இந்த மலைக்காவது திரும்ப மாட்டுங்கள். ஒவ்வொரு வளைவுக்கு முன்பும் அடியுங்கள். நடந்து வருகிறவருக்காவது அது கேட்கும். பனிமூட்டம் இறங்கும் காலையில், மழைக்காலத்தில், கண்ணுக்கு எட்டும் தூரம் இன்னும் சுருங்கும்போது, பேசிக்கொண்டு ஓட்டுவதையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

உங்களில் மூத்தவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. புதிதாகச் சேரும் பிள்ளைகள் உங்கள் சைக்கிளை, ஷூவை, ஜெர்சியைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். நீங்கள் காதில் மாட்டினால் அவர்களும் மாட்டுவார்கள். மலைமேல் இருக்கும் பள்ளிப் பிள்ளைகளும் உங்களை ஆசையோடு பார்க்கிறார்கள். நாளை அவர்கள் ஒரு சைக்கிள் வாங்கி இதே வளைவுகளில் இறங்கும்போது எப்படி இறங்குவார்கள் என்பது இன்று நீங்கள் எப்படி இறங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்திருக்கிறது.

காதைத் திறந்து வைத்தால் இழப்பு ஒன்றுமில்லை, வரவும் உண்டு. சிள்வண்டின் ஓயாத ரீங்காரமும், எங்கோ ஒளிந்து கூவும் குக்குறுவானும், மழைக்குப் பின் பாறையில் வழியும் நீரும், உங்கள் மூச்சின் தாளமும் இந்த ஏற்றத்தின் பகுதிகள். அவற்றைக் கேட்பதற்காக வேறெங்கும் போக முடியாது.

மலைக்கு வாருங்கள். அடிக்கடி வாருங்கள். உங்கள் குழுவின் அடுத்த சவாரி அறிவிப்பில், புறப்படும் நேரத்துக்கும் கூடும் இடத்துக்கும் அடுத்து இந்த ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள்: "மலைச் சாலையில் இயர்பட்ஸ் அணிகிறவர் குழுவோடு ஏறக் கூடாது." ஒரு குழு எழுதினால் மற்றக் குழுக்களும் எழுதும். எல்லாரும் எழுதிவிட்டால் அது இந்த மலையின் வழக்கமாகிவிடும். வழக்கமாகிவிட்டால் யாரும் யாருக்கும் மடல் எழுத வேண்டியிருக்காது.

அன்புடன்,
கொல்லிமலை அடிவாரத்திலிருந்து,
உங்களைப் போல் சைக்கிள் மிதிக்கும் ஒருவன்